டிரைவரைச் சேர்க்காமல் ஆறு பேர்

கப்பலில் போகலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டித் தரும் கடை என்னுடையது. மோட்டாரைத் திறந்து பார்த்து "அடப்பாவி" என்று சொல்வதற்கே பாதிக் கூலி வாங்குகிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர். கடலோடு எனக்கிருந்த பழக்கமெல்லாம் மாமல்லபுரத்தில், முழங்கால் அளவுக்குத்தான். அப்படிப்பட்டவனுக்குக் கப்பல் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்காக இல்லை. எங்கள் வேன்காரனுக்காக.

நாங்கள் ஏழு பேர். ஒரே அரசுப் பள்ளி, ஒரே பெஞ்சு, கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். எல்லோரும் ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம். நான் ஒருவன். வேன்காரன் ஒருவன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது போக, லீவு நாளில் டூர் ஓட்டுவான். உரக்கடை வைத்திருப்பவன் ஒருவன். மீதி நான்கு பேரும் பயிர் வைக்கிறவர்கள். என்ன கேட்டாலும் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். அதனால் இங்கேயும் அவர்களைப் பிரித்துச் சொல்லப் போவதில்லை. அவர்களும் வருத்தப்பட மாட்டார்கள்.

இருபது வருடங்களாக ஆண்டுக்கு ஒரு டூர். திருப்பதி, வேளாங்கண்ணி, ஒகேனக்கல், ஏற்காடு, எல்லாம் வேன்காரன் வண்டியில்தான். நாங்கள் மலை ஏறினால் அவன் கீழே வண்டியைப் பார்த்துக்கொள்வான். நாங்கள் வரிசையில் நின்றால் அவன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சீட்டைச் சாய்த்துத் தூங்குவான். விடிய விடிய ஓட்டிவந்தவன் தூங்கத்தானே வேண்டும். நாங்களும் எழுப்ப மாட்டோம். அதைப் பெரிய நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன தடவை குற்றாலத்திலிருந்து திரும்பும்போது, தலை துவட்டிக்கொண்டே அவனிடம் சும்மா கேட்டேன்.

"அருவி எப்படிடா இருந்துச்சு?"

"சத்தம் நல்லா கேட்டுச்சுடா" என்றான்.

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னான். வேனில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஊர் வந்து சேரும்வரை எனக்கு அந்த அருவிச் சத்தம் காதிலேயே இருந்தது.

மறுவாரம் உரக்கடைக்காரனைப் பிடித்தேன். "டேய், அடுத்த டூருல அவன் ஸ்டியரிங்கத் தொடக் கூடாது."

"ரயில்ல போலாம்."

"எறங்குன எடத்துல வாடகைக்கு வேன் வெக்கணுமே. அந்த டிரைவரு கியர் போடற அழகப் பாத்து இவனுக்கு வவுறு எரியும். ஏரோப்ளேன்னா நம்ம நாலு பேரும் நாலு மூலைக்கு ஓடிடுவானுங்க."

அப்படிக் கழித்துக் கழித்து வந்ததுதான் கப்பல். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் நடுக்கடலுக்குப் போய், இரண்டு இரவு தங்கி, திரும்பச் சென்னைக்கே கொண்டுவந்து விடும். வேன்காரனுக்கு அதில் எந்த வேலையும் இருக்காது.

ஆலோசனைக் கூட்டங்கள் உரக்கடையில், யூரியா மூட்டைகளின் மேல் நடந்தன. காஞ்சிபுரத்தில் டிக்கெட் போட்டுத் தரும் அம்மா கொடுத்த வழவழப்பான புத்தகத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தோம்.

"இது எங்கதான்டா போவுது?" என்றது நாலு பேர் குரல்.

"எங்கயும் போவல. போய்ட்டு வருது."

"நடுவுல டீக்கு நிறுத்துவானா?"

"நிறுத்தினா நீ எறங்கி எங்க நிப்ப?"

"அடுப்பு, குண்டான் எடுத்துக்கினு போலாமா? நாஷ்டா நம்மளே செஞ்சிக்கலாம்."

"நெருப்பு வெச்சா கப்பலோட முங்க வேண்டியதுதான். சாப்பாடு அவனே போடறான்டா, எந்நேரமும்."

எந்நேரமும் என்ற சொல்லை நாலு பேரும் ஒரே குரலில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். கரிநாள், அமாவாசை, ஒருவன் மச்சான் வீட்டுக் காதுகுத்து எல்லாவற்றையும் தள்ளி ஒரு தேதியும் பிடித்தோம். வேன்காரனும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தான். பொட்டாஷ் மூட்டைமேல் குந்திக்கொண்டு, "எத்தினி மணிக்குக் கெளம்பணும்? ஹார்பருக்கு எந்த வழி?" என்று அக்கறையாகக் கேட்டான். பயலுக்கு ஆசை வந்துவிட்டது என்று நானும் உரக்கடைக்காரனும் கண்ணடித்துக்கொண்டோம். உனக்காகத்தான்டா இந்த டூர் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்தால்தானே அழகு.

பெயர்ப் பட்டியல் எழுதுவது எப்போதும் என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். என்னிடம் நன்றாக இருப்பது அது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் வேன் டூருக்கு ஆள் எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. "டிரைவரைச் சேர்க்காமல் எத்தனை பேர்?" என்றுதான் கேட்போம். பங்கு பிரிப்பதும் இலை போடுவதும் அந்தக் கணக்கில்தான். டிரைவருக்குச் சாப்பாடு, டீ, தங்கும் இடம் எல்லாம் கூட்டத்தின் பொறுப்பு. அவனிடம் பங்கு கேட்பது மரியாதைக் குறைவு. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம். இருபது வருடம் அப்படி எண்ணிப் பழகிய கை, இந்தத் தடவையும் ஆறு பெயரை முத்து முத்தாக எழுதி, கீழே கோடு போட்டு, ஆறு என்று வட்டமும் போட்டது.

"மொத்தம் ஆறு பேர்தானா சார்?" என்று அந்த அம்மா போனில் கேட்டார்.

"ஆறு பேர்தாம்மா. இருவது வருசமா ஆறு பேரு" என்றேன், ஏதோ பரம்பரைச் சொத்துபோல.

"அப்ப ரெண்டு ரெண்டு பேரா மூணு ரூம். கரெக்டா வருது சார்."

எவ்வளவு கச்சிதமாக வந்தது பார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டிக்கெட் தாள் வந்ததும் உரக்கடைச் சுவரில், நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். நான்கு நாள் அது அங்கே இருந்தது. எல்லோரும் படித்தோம். ஆளாளுக்குத் தன் பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டு நகர்ந்தோம்.

ஐந்தாம் நாள் காலையில், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேன்காரன் என் கடைக்கு வந்தான்.

"டேய், ஹார்பராண்ட வண்டி நிறுத்த எடம் கீதா, கேட்டியா?"

"எதுக்குடா?"

"ரெண்டு நாளு நிக்கணும்ல. வண்டிய வுட்டுட்டு எங்க போறது? நா உள்ளயே படுத்துக்கறேன். பக்கத்துல ஒரு ஓட்டல் இருந்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீ கப்பல்லதான்டா படுப்ப."

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பேப்பர்ல ஆறு பேருதான கீது?"

கோபமில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். நான் கையில் இருந்த செம்புக் கம்பியைக் கீழே போட்டுவிட்டு விரல் விட்டு எண்ணினேன். ஆறு வந்தது. ஏழாவது விரல் நீட்டியபடியே நின்றது.

உரக்கடைக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. உரக்கடைக்காரன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யாருக்குன்னு டூரு போட்டியோ அவனையே வுட்டுட்டியேடா! நீயெல்லாம் காயில வெளிய வெச்சிட்டு மோட்டார மூடறவன்டா!"

"நீயும் நாலு நாளு பாத்தல்ல?"

"நா எம்பேரப் பாத்தேன்."

காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டேன். அந்த அம்மா பாவம், எவ்வளவோ முயன்று பார்த்தார். கப்பலில் ஒரு படுக்கைகூடக் காலியில்லை. வேண்டுமானால் இந்த வாரத்துக்குள் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயர் போடலாம் என்றார். நாலு பேரும் வந்துவிட்டார்கள். "நா வரல, அவன் போவட்டும்" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மனசாரத்தான் சொன்னார்கள். ஆனால் அதில் ஒருவன் ஏற்கெனவே பூப்போட்ட சட்டை தைத்துவிட்டான். இன்னொருவன் தன்னுடையதைப் போட்டுக்கொண்டே வந்திருந்தான்.

என் பெயரை எடுக்கச் சொன்னேன். இதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். வட்டம் போட்ட கை என்னுடையது. வேறு எந்தக் கையை நீட்டுவது?

ஆனால் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் நானும் உரக்கடைக்காரனும் அவன் வீட்டுக்குப் போனோம். வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இன்னாத்துக்குடா அதெல்லாம்? நீங்க சோக்கா போய்ட்டு வாங்க. நா இட்டுக்கினு போய் வுட்டு, இட்டுக்கினு வரேன். பேஜார் பண்ணாத."

"நீ வரணும்னுதான்டா கப்பலே" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. உனக்காகத்தான், ஆனால் உன்னை மறந்துவிட்டோம் என்று ஒரு மனிதனிடம் எப்படிச் சொல்வது?

அவன் மனைவி டீ கொண்டுவந்தார். எங்களிடம்தான் பேசினார், அவனுக்குக் கேட்க வேண்டும் என்று பேசினார்.

"இருவது வருசமா ஊரையே இட்டுக்கினு போறாருண்ணே. திரும்பி வந்ததும் நானும் கேக்கறேன், அங்க இன்னா பாத்தன்னு. பார்க்கிங்ல நெழல் இருந்துச்சுன்றாரு. ஏற்காடா, நெழல் இருந்துச்சு. வேளாங்கண்ணியா, நெழலே இல்ல. இதுதான் நான் கேட்ட ஊருக் கதை. ஒரே ஒரு தபா, ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வந்து சொல்லச் சொல்லுங்கண்ணே."

அவன் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

அவன் கேட்டது ஒன்றுதான். "அப்ப வண்டி?"

"நா பாத்துக்கறேன்."

"நீயா?" பட்டியலில் தன் பெயர் இல்லாததற்குக்கூட அவன் இவ்வளவு அதிரவில்லை.

மூன்று நாள் காலை, மானாம்பதி சாலையில் எனக்குப் பாடம் நடந்தது. எனக்கு லைசென்ஸ் உண்டு. ஆனால் டிராக்டர் ஓட்டிய கால். "கிளட்ச்ச ஏன்டா மெரிக்கற? கொய்ந்தயத் தொடற மாதிரி தொடு" என்பான். குழந்தையைத் தொட்டேன். வண்டி குதித்து நின்றது. "உன் கொய்ந்தைங்க எப்படிடா பொயச்சுதுங்க?" என்றான். கடைசியில் சென்னை வரை தானே ஓட்டுவதென்றும், அங்கே நான் வண்டிக்குக் காவல் இருந்தால் போதுமென்றும், அவசரம் இல்லாமல் சாவியைத் திருகக் கூடாதென்றும் முடிவு செய்தான்.

கிளம்பும் நாளில் வழக்கம்போல நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். துறைமுக வாசலில் இறங்கியபோது வேன்காரன் சட்டைப் பையில் இன்னொரு பழம் இருந்தது. மேலே மேலே மாடி அடுக்கிய அந்தக் கப்பலை அண்ணாந்து பார்த்தான்.

"இதுக்கு எங்கடா வெக்கறது?" என்று கேட்டு, பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டான். என் மனைவி எனக்காக வாங்கிய அரை டிராயரும் கறுப்புக் கண்ணாடியும் அவன் பையில் இருந்தன. டிராயர் அவனுக்கு இரண்டு சுற்று பெரிது. அரைஞாண் கயிறு இருக்கிறதே என்று சமாதானம் சொல்லியிருந்தேன். போகிறபோது மூன்று முறை திரும்பிப் பார்த்தான். மூன்று முறையும் வண்டியைத்தான்.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இரண்டு நாள் இருந்தேன். முதல் நாளே ஒருவர் "டிரைவர்! டிரைவர்!" என்று கத்தினார். நானும் யார் அந்த டிரைவர், ஏன் பதில் சொல்லவில்லை என்று சுற்றிலும் பார்த்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து, "யோவ், உன்னத்தான்யா, வண்டிய முன்னால எடு" என்றார். குழந்தையைத் தொட்டேன். இரண்டு குதியில் எடுத்துவிட்டேன். ஓட்டலில் "டிரைவருக்கு ஒரு சாப்பாடு" என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். மதியம் வெயில் வேன் கூரையில் இறங்கியபோது, சுவரோரம் இருந்த ஒரே தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் எங்கே எப்போது வரும் என்பது எனக்கு மிக முக்கியமான செய்தியாகிவிட்டது. கப்பல் புறப்பட்டது அங்கிருந்து தெரியவில்லை. ஊதியது கேட்டது. சத்தம் நன்றாகவே கேட்டது.

மூன்றாம் நாள் காலை வந்தார்கள். நீச்சல் குளம், ஆட்டம், இருபத்தேழு வகை பலகாரம் என்று நாலு பேரும் ஒரே குரலில் கொட்டினார்கள். வேன்காரன் முதலில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். தாம்பரம் தாண்டியதும் அவனாகவே ஆரம்பித்தான்.

"மொத நாளு ஒண்ணுமே பாக்கலடா" என்றான். "வண்டி ஓடிக்கினு கீது, நா சொம்மா குந்திக்கினு கீறேன். காலு தானா பிரேக்கத் தேடுது. எவன் ஓட்டறான், எப்படி ஓட்டறான்னு அதே ரோசன. மறுநா காலைல மேல சேர்ல சாஞ்சேன். கண்ணு சொக்கிடுச்சு. ஓடற வண்டில தூங்கனேன்டா. எய்ந்து பாக்கறேன், சுத்தி தண்ணி. கரைன்னு ஒண்ணு இல்ல."

பின்னால் நாலு பேரும் ஒரே நேரத்தில் எங்கள் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மனைவி வெளியே வந்தார். "இன்னா பாத்த?" என்று கேட்டார். அவன் இறங்கவேயில்லை, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே சொல்ல ஆரம்பித்தான். தண்ணீரின் நிறம் காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று என்றான். பறக்கும் மீன் ஒன்று பார்த்தேன் என்றான். மற்ற ஐந்து பேரும் பார்க்கவில்லையாம். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஓசைப்படாமல் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

நாலடி போயிருப்பேன். "அண்ணே" என்று கூப்பிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"பார்க்கிங்ல நெழல் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றேன். "மூணு மணிக்கு மேல."