ஒலீட்டா குடித்த மஞ்சள் வேர்

செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி எதற்காகத் தன்னைக் கழுவிக்கொள்ள வேண்டும்? ஒலீட்டாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது. நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன்.

கென்டக்கியில் எங்கள் மலைச்சரிவுகளில், மர நிழலில் மஞ்சள் வேர் என்றொரு காட்டு மூலிகை விளைகிறது. வாய்ப்புண் வந்தால் மெல்லுவோம். வயிறு கெட்டால் கஷாயம் வைப்போம். மருந்துக்கடைகளிலும் இப்போது மாத்திரையாக விற்கிறார்கள். ஆனால் இந்நாளில் அதைக் கேட்டு வருபவர்களில் பாதிப்பேருக்கு ஒரு நோயும் இல்லை. போதை மாத்திரை தின்றது சிறுநீர்ச் சோதனையில் தெரியாமல் இந்த வேர் மறைத்துவிடும் என்று நம்பி வருகிறார்கள்.

கோழி இறைச்சி ஆலையில் முதுகு ஒடிந்தபோது ஒலீட்டாவுக்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. மகள் கெல்சியை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அதன்பின் ஒலீட்டா மாத்திரையை விட்டாள். விட்டதை நான் கண்ணால் பார்த்தேன். கோடை வெயிலில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கினாள். இனி ஒரே ஒரு சோதனை. அதில் தேறினால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும்.

சோதனை நாளன்று காலை அவள் கணவன் வெர்லின் ஒரு கூஜா நிறைய மஞ்சள் வேர்க் கஷாயத்தை மேசைமேல் வைத்தான்.

"நான்தான் விட்டுட்டேனே, வெர்லின்."

"விட்டவளுக்கு இதைக் குடிக்க என்ன கேடு? புள்ள வேணுமா, வேணாமா?"

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு கூஜாவைக் காலி செய்தாள்.

ஒரு கூஜா குடித்ததில் சிறுநீர் வெறும் தண்ணீராக இருந்தது; சோதனையை ஏமாற்றப் பார்த்திருக்கிறாள் என்று சோதனைக்கூடத்தில் எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் அதற்கும் தோற்றதற்கும் வித்தியாசம் கிடையாது. மறுபடி சோதிக்கச் சொல்லி அவள் கெஞ்சியது எடுபடவில்லை. கெல்சியை வேறு மாவட்டத்தில் ஒரு குடும்பம் தத்தெடுத்துக்கொண்டது.

வெர்லின் என் வீட்டுக்கு வந்து அழுதான். "அவளை நம்பியிருந்தாலே போதும்டா. வேற ஒண்ணுமே நான் செஞ்சிருக்க வேண்டாம்."

நான் ஆறுதல் சொல்லவில்லை. அவன் சொன்னது உண்மை.

அடுத்த இலையுதிர் காலத்தில், கீழ்வீட்டு ட்ரீமா வேர் கேட்டு ஒலீட்டாவின் வாசலில் வந்து நின்றாள். அவள் மகனுக்கு மறுநாள் சோதனை, தோற்றால் சிறை. நானும் அப்போது வெர்லினோடு அங்கே இருந்தேன்.

"உங்க வீட்டு வேரோட லட்சணம் ஊருக்கே தெரியும். இருந்தாலும் நான் வேற எங்க போவேன், ஒலீட்டா?"

"அவன் விட்டுட்டானா?"

"விட்டுட்டேன்னுதான் சொல்றான்."

"நீ நம்புறியா?"

"வேரைக் குடு, ஒலீட்டா."

ஒலீட்டா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். தோண்டிய வேரை ஓடையில் மண்போகக் கழுவி, ட்ரீமாவின் கையில் வைத்து விரல்களை மூடினாள். ஏன் கொடுத்தாய் என்று வெர்லின் கேட்டான். பின்னொரு நாள் நானும் கேட்டேன். "நம்ப முடியாதவங்க கையில வேற என்னத்தக் குடுக்கிறது?" என்றாள்.