பழைய கேஸ்கட்

நாற்காலிக் கடைக்கு அடியில் ஒரு கிடங்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே பாட்டுப் போட்டு ஆட்டம் நடக்கும். விளம்பரம் கிடையாது, போர்டு கிடையாது, தெரிந்தவனுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரர் லேப்டாப்பில் தானே செய்த எலக்ட்ரானிக் பாட்டுகளை அங்கே போடுவார். வாரம் பூராவும் அடுத்தவர் சமையலறையில் குப்புறக் கிடந்து, "இன்னுமா முடியல?" என்று பேச்சு வாங்குகிற மனுசனை நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பது அப்போது மட்டும்தான்.

அதற்கும் வந்தது ஆபத்து. அந்தக் கூட்டத்துக்குப் போன மாதத் தாளம் இந்த மாதம் ஆகாது. வேகத்தைக் கூட்டினார். வேகம் பழசானது. பாட்டுக்கு நடுவே சட்டென்று சத்தத்தை நிறுத்துவது வந்தது. அது கைக்குப் பிடிபடுவதற்குள் தகரத்தைப் பிறாண்டுகிற ஓசைதான் எல்லாம் என்றார்கள். அவருக்கு நாக்குத் தள்ளியது.

கிடங்கை நடத்துகிறவன் மச்சினன்.

"மாமா, அக்கா முகத்துக்காகத்தான் விட்டு வச்சிருக்கேன். இந்த வாரமும் புதுசா ஒண்ணும் இல்லன்னா உங்க இடத்துல வேற ஆளு."

வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து ஒன்றைச் செய்து முடித்தார். திரையில் பேரைப் பார்த்து எவனும் சுட்டுவிடக் கூடாதென்று பாட்டுக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் சாமான் பேர் வைப்பது அவர் வழக்கம். இதற்குக் ‘கேஸ்கட்’, ஃப்ரிட்ஜ் கதவோர ரப்பர். போன வருஷத்துப் பாட்டு ஒன்றுக்கும் அதே பேரை வைத்திருந்தது, இருந்த பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிறன்று கிடங்கில் அவர் விரல் தட்டியது பழைய கேஸ்கட்டை. முதல் அடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கூட்டம் ஆடியதே! சுவரோரம் கைகட்டி நிற்கிறவர்கள்கூட இறங்கி வந்தார்கள். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு சட்டை நனைய ஆடினான்.

"டேய், இது போன வருஷப் பாட்டுடா!" என்று ஒருத்தன் கத்தினான்.

கால்கள் நின்றன. கெட்டுப்போனதைத் தின்றுவிட்ட மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பெரியவரே, ஐஸ் உருகிடுச்சு! மூடியப் போடுங்க!"

கிடங்கே சிரித்தது. மச்சினன் வந்து ஒயரைப் பிடுங்கினான்.

"பேர் மாறிப்போச்சு மாப்ள. புதுசு இதுலயே இருக்கு, ஒரே ஒரு தடவ..."

"வேணாம் மாமா. கெளம்புங்க."

"நீயும்தானடா ஆடுன?"

"ஆடுனேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?"

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் ஹெட்போனை மாட்டிப் புதுக் கேஸ்கட்டைப் போட்டார். அவள் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது.

"நல்லாருக்கா?"

"புதுசா இருக்குங்க."

"நல்லாருக்கான்னு கேட்டேன்."

அவள் ஹெட்போனைக் கழற்றி அவர் காதிலேயே மாட்டினாள். "நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

முழுசும் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். புதுசு என்று தெரிந்தது; நல்லாருக்கா என்று அவருக்கே தெரியவில்லை.