ஒரு செடிக்கு ஒரு கிழங்கு

செங்கமலம் மரவள்ளிச் செடியின் அடியில் குந்தி, அரிவாள் நுனியால் மண்ணைப் பக்கவாட்டில் பறிக்கிறார். தடித்த கிழங்கு ஒன்று தென்பட்டதும் ஒரே அறுப்பு. கிழங்கு மடிக்குப் போகிறது, மண் குழிக்குத் திரும்புகிறது. உள்ளங்கையால் இரண்டு தட்டு, மேலே கொஞ்சம் சருகு. செடி ஒன்றும் நடக்காதது போல நிற்கிறது. இவர் அடுத்த செடிக்கு நகர்கிறார்.

இது திருட்டுதான். நிலம் சொந்தம், செடி இவர் நட்டது, ஆனாலும் திருட்டுதான். வேப்பந்தட்டைப் பக்கம் உள்ள இந்த முக்கால் ஏக்கர் கிழங்கையும் பொங்கல் கழிந்ததும் ஜவ்வரிசி மில்லுக்கு ஏற்றுவதாகக் கணவர் பூமாலை வாக்குக் கொடுத்திருக்கிறார். போன வருடம் செங்கமலம் இரண்டு வரிசையைப் பிடுங்கிக்கொண்டு போனதில் லாரி நிறையாமல் அவருக்குத் தலைகுனிவாகிவிட்டது. அதனால் இந்த முறை கண்டிப்பான உத்தரவு: "ஒரு செடி கொறஞ்சாலும் உன் கடை அன்னியோட சரி. தெனமும் வந்து பாப்பேன்."

வந்து பார்க்கவும் செய்கிறார். சாயங்காலமானால் வரப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

"செடியத்தானங்க பாக்குறாரு, பாக்கட்டும்" என்று கடைக்கு வாடிக்கையாக வருகிற என்னிடம் சொல்கிறார் செங்கமலம்.

கடை என்பது ரஞ்சன்குடி கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு புளியமர நிழல், ஓர் அடுப்பு, ஒரு பெரிய அலுமினியக் குண்டான். நெடுஞ்சாலையில் போகிற கார்கள் கோட்டை பார்க்கத் திரும்பும். அவித்த கிழங்கை வாழையிலைத் துண்டில் வைத்து, குழந்தைகளுக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும், பெரியவர்களுக்குப் பூண்டுக் காரச்சட்னியும் போட்டுக் கொடுப்பார். கேட்காமலே சரித்திரமும் உண்டு. "கோட்டை கட்டுன அத்தன பேரும் இதத் தின்னுட்டுதான் கல்லு தூக்குனாங்க." ஒரு சென்னைக் குடும்பம் இதைப் பயபக்தியோடு வீடியோ எடுத்துக்கொண்டு போனது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாயில் கிழங்கு இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊர்களில் கிழங்கு விளைகிறதே தவிர யாரும் தின்பதில்லை. விளைந்தது லாரியில் ஏறிவிடும். வீட்டில் அவித்தால் அரிசிக்கு வழியில்லை என்று பேசுவார்கள். கார்க்காரர்கள் விரும்பித் தின்பதைப் பார்த்த பிறகு உள்ளூர்க்காரர்களுக்கும் நாக்கு ஊற ஆரம்பித்திருக்கிறது. ஆனால் கௌரவம் விடுமா? ஓய்வுபெற்ற ஆசிரியர் வேணுகோபால் பைக்கை நிறுத்தி, "மாட்டுக்கு ஒரு பார்சல் கட்டும்மா" என்பார்.

"மாட்டுக்குச் சட்னி தனியா கட்டவாங்க சார், மேலேயே ஊத்திரவா?"

"தனியாவே கட்டு."

பொங்கலுக்கு மூன்று நாள் கூட்டம் அம்மும். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் உள்ளே கறுத்துவிடும், வாங்கிச் சேர்த்து வைக்க முடியாது. சுற்றிலும் உள்ள கிழங்குக் காடுகள் எல்லாம் மில்லுக்குப் பேசி முடிந்தவை. அந்த மூன்று நாளும் கடையை மூடிவிட்டால்தான் என்ன என்று காட்டில் வைத்துக் கேட்டேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்தார். "கோட்டைக்குப் போனாத்தாங்க நான் செங்கமலம். இங்க இருந்தா பூமாலை பொண்டாட்டி."

காணும் பொங்கலன்று ஏழு குண்டான் காலியானது. "கெழங்கு ஏது?" என்று பூமாலை கேட்டதற்கு, "அரும்பாவூர்ல வாங்குனேன்" என்று கண் இமைக்காமல் பதில் சொன்னாராம்.

நாலாம் நாள் லாரி வந்தது. நான் வரப்போரம் ஒதுங்கி நின்றேன். செங்கமலம் சாவகாசமாக ஆட்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். செடிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மில்லிலிருந்து வந்திருந்த அஜித்குமார் ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தான். இன்னொன்றைத் தூக்கினான்.

"என்னண்ணே, கொத்துக்கு ஒண்ணு கொறையுது?"

பூமாலை வாங்கிப் பார்த்தார். தண்டோரம் காய்ந்துபோன, சீரான வட்ட அறுப்பு. அடுத்த கொத்திலும் அதேதான். அவர் தலை மெதுவாக மனைவி பக்கம் திரும்பியது. செங்கமலத்தின் கையிலிருந்த சொம்பு பாதியில் நின்றது. அந்த முகத்தில் சிரிப்பில்லை. ஒரு சொல் போதும், அடுப்பையும் குண்டானையும் வண்டியில் ஏற்றிவிட வேண்டியதுதான். ஆட்கள்கூடப் பிடுங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

"பெருச்சாளிப்பா. இந்த வருசம் சாஸ்தி" என்றார் பூமாலை.

"கத்தி வெச்சு அறுத்தாப்புல இருக்கேண்ணே?"

"எங்கூருப் பெருச்சாளி அப்பிடித்தான்."

அஜித்குமார் சந்தேகத்தோடே அடுத்த கொத்துக்குக் குனிந்தான். அதற்குள் பூமாலை முந்திக்கொண்டு அதைத் தூக்கினார். ஈரமண்ணை விரலில் எடுத்து, அறுத்த இடத்தில் பூசி, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு லாரியில் போட்டார்.