மணிக்கு நான் கொடுத்த மாத்திரை

லேத்தில் ஊற்றும் கூலண்ட் ஆயிலின் நாற்றம் இன்றும் என் விரலிடுக்கில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் நான்கு லேத்து ஓடும் பட்டறை, பொன்னேரியில் மாடி வீடு, மூன்று பெண்களின் கல்யாணம், எல்லாம் ஐந்தாவதோடு பள்ளியை விட்ட இந்தக் கை செய்தது. யாரும் எனக்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் இதைச் சொல்லாமல் நான் திரும்பியதில்லை. சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது அப்பா பொன்னேரி அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். முதுகு பிடித்துக்கொண்டால் மருந்துக் கடையில் ‘ஒரு செட்டு’ வாங்குவார். மூன்று நிற மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள், எந்த வலிக்கும் அதுதான். எங்கள் நாய் மணி, மாட்டுவண்டிச் சக்கரத்தில் கால் மாட்டி நொண்டியபோது, அப்பாவின் செட்டுகளிலிருந்து தினம் ஒரு மாத்திரை திருடிப் பொடித்து, காலையில் வெறும் வயிற்றில் கஞ்சித் தண்ணீரோடு கொடுத்தேன். நாலாம் நாள் மணி ஓடியது. “நான்தாண்டா டாக்டரு” என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு, நொண்டல் போன பிறகும் ஒரு வாரம் கொடுத்தேன்.

அப்புறம் மணி சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. வயிற்றைத் தொட்டால் முதுகை வளைத்து முனகியது. காப்பித்தூள் சக்கை போல வாந்தி, தார் போலக் கறுத்த மலம். இரண்டு நாளில் செத்தது.

பக்கத்து வீட்டு அந்தோணி மாமா கோழி வளர்த்து முட்டை விற்றவர். முன்பொரு நாள் மணி அவர் கோழியைக் கவ்வியபோது, “இன்னொரு வாட்டி வந்துச்சு, மருந்து வெச்சுடுவேன்” என்று கத்தியிருந்தார். அம்மா அவர் வாசலில் போய் நின்றாள்.

“வாயில்லா ஜீவனுக்கு விசம் வெச்ச கையால இன்னாய்யா முட்டை விக்கிற?”

“மாதா சத்தியமா நான் இல்ல, தங்கச்சி.”

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அதன்பின் தெருவில் யாரும் அவரிடம் முட்டை வாங்கவில்லை. கோழிகளை விற்றுவிட்டு, நரைத்த தலையோடு மாமா ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். அவரும் செட்டு வாங்கினார்.

போன மாதம் பட்டறை நாய் ராணி கறுப்பாக மலம் கழித்ததைப் பார்த்ததும், “இதுக்கு இன்னா குடுத்தே?” என்று வாட்ச்மேனைக் கேட்டேன். அதன் கால் வீங்கியதே என்று தன் முட்டிவலி மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். உடனே வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

“மனுசங்க வலி மாத்திரை நாய்க்கு ஆவாதுங்க, இரைப்பை புண்ணாயிடும். இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா ஓட்டையே வுழுந்திருக்கும்” என்றார் டாக்டரம்மா. அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, டிரிப்பு ஏற்றி, அமிலம் குறைய ஒரு மருந்தும் புண்மேல் படிய ஒரு மருந்தும் கொடுத்தார். குழைந்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். ராணி பிழைத்தது.

“எப்டி மொதலாளி பாத்தவொடனே கண்டுபுடிச்சே?” என்றார் வாட்ச்மேன். வாழ்நாளில் முதல்முறையாக எனக்குப் பீற்றிக்கொள்ள வாய் வரவில்லை.

இப்போது எங்கள் பழைய தெருவில் குடோன்கள் நிற்கின்றன. கோழிக் கூண்டு இல்லை, மாமாவும் இல்லை. அவர் மகள் இருக்கிறாள். அவளை இன்னமும் ‘நாய்க்கு விசம் வெச்சவர் பொண்ணு’ என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். பட்டறைப் பலகையில் என் பெயர் இருக்கிறது, கோயில் கல்லிலும் இருக்கிறது. மணியைக் கொன்றதிலும் என் பெயரைப் போடுங்கள். அந்தோணி மாமாவின் பெயரை எடுத்துவிட்டுப் போடுங்கள்.