இதயம் சரி

ஓய்வு பெற எனக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பிரின்டரின் செட்டிங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போனில் எப்படிக் கதைப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் பிழை விட்டது அங்கேதான்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்கேன் பிரிவில் வேலை. சிக்கலான இதயம் என்றால், சி.டி. படங்களைக் கணினியில் அடுக்கி, த்ரீ-டி பிரின்டரில் அதே அளவில் ஒரு மாதிரி எடுத்துக் கொடுப்பேன். டொக்டர் அதை வெட்டித் திறந்து பார்த்துத்தான் ஒப்பரேஷனைப் பற்றி முடிவெடுப்பார்.

குருநகர் மீனவர் யேசுதாசனின் மகளுக்கு ஏழு வயது. இதயச் சுவரில் ஓட்டை. மாதிரியைப் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்லலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். யேசுதாசன் கடலுக்குப் போகாமல் மூன்று தரம் வந்து கேட்டுவிட்டார். நச்சரிப்புத் தாங்காமல், முடிந்ததும் நானே அழைக்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

முதல் தரம் பிரின்டர் பாதியில் நின்றது. இரண்டாம் தரம் ஒழுங்காக வந்தது. வந்த சந்தோஷத்தில் உடனேயே போனை எடுத்தேன்.

"அண்ணை, பிள்ளையின்ரை இதயம் சரி. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வேலை முடிந்தாலும் ‘சரி’ என்போம், வருத்தம் மாறிச் சுகம் வந்தாலும் ‘சரி’ என்போம். நான் சொன்னது முதலாவது, அவர் கேட்டது இரண்டாவது.

மறுநாள் காலை டொக்டர் மாதிரியைத் திறந்தார். ஒரு ஓட்டை என்று நினைத்த சுவர் அரிதட்டு மாதிரி முழுக்க ஓட்டையாக இருந்தது. அடைக்கிற மூடியை வைத்துப் பார்த்தார். எந்த இடத்திலும் அது நிற்கவில்லை. ஒப்பரேஷன் செய்ய வழியில்லை என்றார்.

அவர்கள் கோயிலில் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார்கள். பிள்ளை புதுச் சட்டை போட்டு, எல்லாருக்கும் டொபி நீட்டியது. நானும் ஒன்று எடுத்தேன்.

டொக்டர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் யேசுதாசன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீங்கள்தானே ஐயா சரியெண்டு சொன்னனீங்கள்?"

பிளாஸ்ரிக் மாதிரியைத்தான் சொன்னேன் என்று இழுத்தேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை.

"ஆண்டவருக்கு நன்றி சொல்லிப்போட்டம் ஐயா. இனி என்னெண்டு திரும்பப் போய்க் கேக்கிறது?"

டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டோடு போனார்கள்.

ஆகவே, போன் எடுத்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்: பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் செய்யவில்லை. கேட்கிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.