அம்பிகா சேர்த்த ஜோடி

ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் அம்பிகாவும் நானும் பதினாலு வருடமாக ஒரே மேஜை. அவளுக்கு ஜோடி சேர்க்கிற வேலை. வலது காலும் இடது காலும் தனித்தனியாக வந்து குவியும். தோலின் நிறம், பளபளப்பு, தையல் பார்த்து ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து என் பக்கம் தள்ளுவாள். நான் சரிபார்த்துப் பெட்டியில் போடுவேன். கறுப்பிலேயே நீலம் அடிக்கும் கறுப்பு, செம்பட்டை அடிக்கும் கறுப்பு என்று பிரித்துவிடும் கண் அவளுக்கு. அவள் சேர்த்த ஒரு ஜோடியைக்கூட நான் திருப்பி அனுப்பியதில்லை. என் வாய்க்கு அதுவே பெரிய குறை, திட்டக் காரணம் கிடைக்காது.

போன நவம்பர் மழையில் அவள் மகள் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறையின் கூரை விழுந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். அம்பிகாவின் பூர்ணிமாவும் அதில் ஒருத்தி, ஒரே பிள்ளை. அந்த அறைக்குள் ஷூவோடு போகக் கூடாது என்று பள்ளியில் கட்டுப்பாடு. அதனால் வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளின் ஷூவும் வெளியே வராந்தாவில் ஒரு கீறல் படாமல் கிடந்தன. அந்தக் கூரையைப் போட்டவனைக் கையில் கொடுத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கேஸ் நடக்கிறது என்கிறார்கள். நடக்கும், நடந்துகொண்டே இருக்கும்.

ஒரு மாதம் கழித்து, பொருட்களை வாங்கிப் போகச் சொல்லிப் பெற்றவர்களைப் பள்ளியில் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். ஷூவையெல்லாம் இரண்டு சாக்கில் அள்ளி வைத்திருந்தார்கள். தரையில் கொட்டியதும் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள். யாருக்கும் குனிய மனசில்லை. அம்பிகாதான் போய் உட்கார்ந்தாள்.

"நகருங்க, இது என் வேலை" என்றாள்.

அரை மணி நேரத்தில் நாற்பது ஜோடியும் வரிசையாக நின்றன. அவரவர் அடையாளம் பார்த்து எடுத்துப் போனார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் அழவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட் வரைக்கும் நடப்பாள், திரும்புவாள், மறுபடி நடப்பாள். மார்ச் மாதம் வந்தபோது, நான் மூடி ஒட்டிய பெட்டிகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சூப்பர்வைசர் அன்பரசன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா இது, கீழ கண்டெய்னர் நிக்குது. நீங்களாவது சொல்லக் கூடாதா?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த விதத்தில்தான் சொன்னேன். "உனக்கு இன்னாடி பேஜாரு? செஞ்ச வேலைய நீயே நம்பலன்னா நான் எதுக்கு இங்க நிக்கறேன்?"

அவள் கையில் இருந்த ஷூவை வைத்தாள். "ஹேமா, அன்னிக்கு ஸ்கூல்ல நான் தப்பா சேத்துட்டேன்."

பூர்ணிமா குதிகாலின் வெளிப்பக்கம் அழுத்தி நடப்பவள். வலது ஷூ அப்படித்தான் தேய்ந்திருந்ததாம். இடதில் குதிகால் அப்படியே இருக்க, நுனி மட்டும் தேய்ந்திருந்ததாம். அது காலை இழுத்து நடக்கிற பிள்ளையின் ஷூ.

"கலர் சரி, தையல் சரி. கால் மட்டும் எம்புள்ளைது இல்ல. பதினாலு வருஷத்துல ஒரு ஜோடி தப்பாப் போனது இல்ல. எம்புள்ளைது எந்த வூட்லயோ கெடக்குது, ஹேமா. யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டாங்கன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

எனக்குத் தெரியாமல் அந்த வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் ஐந்து ஏறி இறங்கியிருக்கிறாள். ஒரு வீட்டில் ஷூவைத் தானம் செய்துவிட்டார்களாம். இன்னொரு வீட்டில் அந்தப் பிள்ளையின் அப்பா, "நாங்களே மறக்கப் பாக்கறோம், நீ வேற ஏம்மா" என்று கதவைச் சாத்திவிட்டாராம். நான் அவளைத் திட்டிய வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும், பையில் அந்த ஜோடியையும் என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் என் தோளைப் பிசைந்துகொண்டே வந்தாள்.

ஆறாவது வீடு சகீனாவுடையது. கணவர் தோல் மண்டியில் வேலை. அவர்கள் மகள் ஹீனாவும் அந்த ஒன்பதில் ஒருத்தி, பூர்ணிமாவின் பக்கத்து இடம். நாற்காலி போட்டார்கள். அம்பிகா உட்காரவில்லை.

"ஹீனா அம்மா, உங்க பாப்பா ஷூவ ஒரு தடவ காட்டறீங்களா?"

"துணியெல்லாம் குடுத்துட்டோம்" என்றார் சகீனா. "இத மட்டும் குடுக்க மனசு வரல." பீரோவிலிருந்து, துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தார்.

அம்பிகா இடது ஷூவைப் பிடுங்காத குறையாக வாங்கித் திருப்பினாள். குதிகாலின் வெளிப்பக்கம் வழித்தெடுத்தது போல் தேய்ந்திருந்தது. "இதான். இதான் எம்புள்ள காலு" என்றாள். "நான்தான் மாத்திக் குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

சகீனா இல்லையென்று தலையாட்டினார். "நீங்க எங்க மாத்தினீங்க, பூர்ணிமா அம்மா. அதுங்கதான் மாத்திக்கிச்சுங்க. ஜூன்ல ஸ்கூல் தொறந்த அன்னிக்கே, ஆளுக்கு ஒரு எடது ஷூ. பக்கா தோஸ்த்தாம். நான் எவ்ளோ திட்டிருப்பேன், கேக்கல. ஏன், உங்க வூட்ல தெரியாதா?"

இரண்டு பேருக்கும் ஒரே கடை, ஒரே அளவு, ஒரே மாதிரி. பூர்ணிமாவுக்கு வாங்கியது நீலக் கறுப்பு, ஹீனாவுக்கு வாங்கியது செம்பட்டைக் கறுப்பு. பிள்ளைகள் கலந்து போட்டதை, அன்று அம்பிகாவின் கை நிறம் பார்த்துப் பழையபடி பிரித்துவிட்டது.

அம்பிகா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் திரும்பி வர இருட்டிவிடும். பிள்ளை ஷூ போடும்போதும் கழற்றும்போதும் அவள் வீட்டில் இருந்ததில்லை.

"ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடி பாக்கறேன்" என்றாள். "ஜூன்லேர்ந்து அஞ்சு மாசம், எம்புள்ள கால பாக்கலியே."

பிறகுதான் அழுதாள். நவம்பரிலிருந்து தேக்கி வைத்த அத்தனையும் வந்தது. சகீனா பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் கொண்டு போன இடது ஷூவுக்குள் கையை விட்டார். உள் அட்டையில் ஹீனாவின் விரல்கள் பதிந்த குழி இருந்தது. நாங்கள் கிளம்பும்வரை அந்தக் கையை அவர் வெளியே எடுக்கவில்லை.

அம்பிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீலக் கறுப்பு வலதையும் செம்பட்டைக் கறுப்பு இடதையும் ஒன்றாக வைத்தாள். பழக்கதோஷத்தில் என்னிடம் நீட்டினாள். என் மேஜைக்கு வந்திருந்தால் அதே நிமிடம் திருப்பி வீசியிருப்பேன்.

இரண்டையும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சரியா இருக்குது" என்றேன்.