மாமா வாங்கிய துரை கார்

என் மகனுக்குப் பழைய கார் வாங்கும் ஆசை வந்து இரண்டு மாதமாகிறது. ஊர் உலகத்தில் எத்தனையோ பழைய கார் இருக்க, அவன் மனம் போய் நிற்பது கம்பனியே செய்வதை நிறுத்திவிட்ட ஒன்றின் மேல். பார்த்தால் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார் மாதிரித்தான் இருக்குமாம். மிதித்தால் பந்தயக் கார் தோற்றுப்போகுமாம். பெற்றோல் குடிக்கும், பழுதானால் சாமான் கிடைக்காது, மேடு பள்ளத்தில் வயிறு தட்டும் என்று குறைகளையும் அவனே வரிசையாகச் சொல்கிறான். சொல்லி முடித்துவிட்டு, "இருந்தாலும் அம்மா..." என்று இழுக்கிறான். இந்த "இருந்தாலும்" எனக்குப் பழக்கமானது. என் மாமாவும் இதே குறைகளையெல்லாம் கேட்டுவிட்டு இப்படியேதான் இழுத்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து மூன்று மைல் மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடமாகியிருந்தது. அந்தச் செய்தி எங்கள் தோட்டத்துப் பங்களாவுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும், பெரிய துரை வெள்ளைக்காரராகவே இருந்தார். அவரிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. முன்னால் நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. நான்கு கதவுகளும் பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்கார இடமும் இருந்ததால் அதைக் குடும்பக் கார் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்துக்குத் துரை அதைத்தான் கொண்டுபோவார். ஒரு தடவை வெள்ளிக் கிண்ணமும் வாங்கி வந்தார். பந்தயத்தன்று மட்டும் துரை ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் ஓட்டியவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

அந்தக் காரின் சத்தமே தனி. அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு வரும். இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே கேட்டுவிடும். கேட்டதும் ரோட்டில் நடப்பவர்கள் எல்லாரும் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானில் இறங்கிவிடுவார்கள். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். மழைக்குத் தலையில் போட்டிருக்கும் கம்பளியை இறக்க வேண்டும். கார் கடந்து போகிறவரை தலை நிமிரக் கூடாது. இதை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நடக்கப் பழகும்போதே கானில் இறங்கவும் பழகிவிட்டோம்.

அப்படி ஒரு மழைநாளில் அம்மா கொழுந்துக் கூடையோடு கானில் நின்றபோது, கார் போன வேகத்தில் சேற்றுத் தண்ணீர் எழும்பி அவளைத் தலையிலிருந்து கால்வரை குளிப்பாட்டிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் கூடப்பிறந்த தம்பி. துரை பின்னால் இருக்கும்போது டிரைவர் பக்கவாட்டில் பார்க்கக் கூடாது. மாமாவும் பார்க்கவில்லை. அம்மா இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வாள். "எந் தம்பி எனக்குச் செஞ்ச சீரு" என்று சேலையைத் தொட்டுக் காட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மாமா மட்டும் கதை தொடங்கும்போதே ஏதாவது வேலை ஞாபகம் வந்தவர்போல எழுந்து வெளியே போய்விடுவார்.

பிறகு தோட்டம் கைமாறியது. துரை சீமைக்குத் திரும்ப மூட்டை கட்டினார். புதிதாக வந்த துரை தன் காரையும் டிரைவரையும் கூடவே கொண்டுவந்ததால் மாமாவுக்கு வேலை போயிற்று. பழைய துரையின் காரை வாங்கத்தான் ஆள் இல்லை. அந்த மாதிரிக் காரைச் செய்வதைக் கம்பனி நிறுத்திவிட்டதாம், இனி ஒரு ஆணி கழன்றாலும் இன்னொரு செத்த காரில்தான் தேட வேண்டுமாம். கடைசியில் துரை அதை அடிமாட்டு விலைக்கு மாமாவுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். நோர்வூட்டிலிருந்து ஹட்டன் ஸ்டேசன்வரை ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டிப் பிழைக்கப் போவதாக மாமா சொன்னார்.

கேட்டவர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நோர்வூட்டில் சில்லறைக்கடையும் ஒரு லொறியும் வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். மாமாவுக்கு நல்லது நினைப்பவர். தன் கடை வாசலில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது ஓட்டத்துக்குப் பிறந்த வாகனம், ஹயருக்கு வேண்டியது உயரமாக, சாதுவாக, பெற்றோலை மோந்து பார்த்தே ஓடுகிற ஒன்று என்று எடுத்துச் சொன்னார். இதே விலைக்கு அப்படி ஒன்றைத் தானே பிடித்துத் தருவதாகவும் சொன்னார். அப்பா தோட்டத்து ஸ்டோரில் தேயிலை அரைக்கும் இயந்திரத்தோடு பழகியவர். அவரும் காருக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, நம் ரோட்டுக் கல்லெல்லாம் இதன் வயிற்றைத்தான் பதம் பார்க்கும் என்றார். மாமா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "இருந்தாலும் மச்சான்..." என்றார்.

தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வாசலுக்குக் கார் வந்த நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. அம்மா சூடம் காட்டினாள், பொட்டு வைத்தாள், தேங்காய் உடைத்தாள். மாமா பின்கதவைத் திறந்துகொண்டு நின்றார். முதலில் தன் அக்காதான் ஏற வேண்டும் என்றார். அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். சிவப்புச் சீட்டைப் பார்த்தாள், தன் கால்களைப் பார்த்தாள். மலையிலிருந்து வந்த கோலத்தில் ஏற வேண்டாம், வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு ஏறுகிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை வந்தபோது அடுப்பில் சோறு இருந்தது. அதற்கடுத்த தடவை இடுப்பு வலித்தது. அம்மாவுக்கு வராத ஆசை எனக்கு வந்தது. மாமா திறந்துவைத்த கதவுக்குள் நான் ஏறிக் குதித்தேன்.

ஹயர் விஷயத்தில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காரை நிறுத்த ஒருவரும் கையைக் காட்டவில்லை. பஸ் தவறி, மூட்டையும் முடிச்சுமாக ரோட்டோரம் நிற்பவர்களை நோக்கி மாமா ஆசையாக ஓட்டிக்கொண்டு போவார். சத்தம் கேட்டதும் அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கானில் இறங்கிவிடுவார்கள். குடை மடங்கும். தலை குனியும். மாமா ஹோர்ன் அடித்தால் இன்னும் ஒரு அடி ஆழமாக இறங்குவார்கள். கார் டிரைவருடையது என்று தோட்டத்தில் தெரியாதவர் கிடையாது. சாயங்காலம் லயத்தில் மாமாவோடு அதைப் பற்றிப் பேசிச் சிரித்தவர்களே, மறுநாள் காலையில் ரோட்டில் கண்டதும் இறங்கினார்கள். மாமா கண்ணாடியில் "ஹயர்" என்று அட்டை எழுதி ஒட்டினார். தலை குனிந்து நிற்பவர் அட்டையை எங்கே வாசிக்கப் போகிறார்?

இப்படியே வாரங்கள் ஓடின. பெற்றோல் மட்டும் தன்பாட்டில் தீர்ந்தது. நானா ஒருநாள் மாமாவைக் கூப்பிட்டு, காரைத் தானே எடுத்துக்கொள்வதாகவும், கழற்றிச் சாமான் சாமானாக விற்றால் தனக்கு நட்டமில்லை என்றும், கொழும்பில் தன் மச்சான் வீட்டு லொறிக்கு டிரைவர் தேவை என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ஹயராவது கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போய்விடுவதென்று மாமா முடிவு செய்தார். கார் போவது ஒரு பக்கம், மாமாவே போகிறார் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மாமாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. பின்சீட்டில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தார். லயத்துப் பிள்ளை உள்ளே இருப்பதைக் கண்டால் ஜனங்களுக்குப் பயம் தெளியும் என்பது அவர் கணக்கு. எனக்கோ வேறு கணக்கு. அந்த இடத்தில் துரைசாணி உட்கார்ந்து போவதை நான் எத்தனையோ தடவை கானிலிருந்து, குனிந்த தலையோடு, ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளைப் போலவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவளைப் போலவே விரல்களைச் சேர்த்துவைத்து மணிக்கட்டை மட்டும் அசைத்தேன். நோர்வூட்வரை போனோம், வந்தோம். கானில் நின்றவர்கள் எல்லாருக்கும் கை அசைத்தேன். மாமாவின் பிழைப்பு மூழ்கிக்கொண்டிருந்ததை மறந்து, அன்று பகல் முழுவதும் நான் பரம சந்தோஷமாக இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வரும்போது கடைசி வளைவில், கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குப் போகும் பெண்கள் ஒரு கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டதும் வரிசையாகக் கானில் இறங்கினார்கள். கம்பளிகள் இறங்கின. மூன்றாவதாக நின்றவள் அம்மா. வெறுங்கூடை முதுகில் தொங்க, மழை நேராகத் தலையில் விழ, கால்மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவைக் கண்ட மகிழ்ச்சியில் நான் இன்னும் நன்றாக நிமிர்ந்து, துரைசாணியைப் போலக் கை அசைத்தேன். அம்மா பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

மாமா காரை நிறுத்தினார். துரை கார் அந்த இடத்தில் என்றுமே நின்றதில்லை. அதனால் குனிந்திருந்த தலைகள் இன்னும் குனிந்தன. மாமா இறங்கினார். இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைக் காற்சட்டையோடு கான் தண்ணீரில் இறங்கி, அம்மாவுக்கு முன்னால் முழங்கால் நனைய நின்றார்.

"அக்கா, இது என் காருன்னு ஒனக்குத் தெரியாதா?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தாள். "எனக்குத் தெரியும் தம்பி. இந்தக் காலுக்குத் தெரியலையே" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

"ஏறுக்கா."

"ஒடம்பெல்லாம் ஈரம். சீட்டு நாசமாயிரும்."

"நாசமாகட்டும்" என்றார் மாமா. அவருடைய குரல் என்னவோபோல இருந்தது. "ஹயருக்குன்னா நானா சொன்ன காரையே வாங்கியிருக்க மாட்டேனா?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூடையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கானிலிருந்து ஏறி வந்தாள். மாமா முன்னால் ஓடிவந்து, துரைசாணிக்குத் திறப்பதுபோலவே பின்கதவைத் திறந்தார். அம்மா சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். சேற்றுக் கால்கள் கீழே விரித்திருந்த கம்பளத்தில் படாமல் தூக்கியே வைத்திருந்தாள்.

மாமா காரை எடுத்தார். அது வழக்கம்போல உறுமியது. அம்மா அவசரமாகக் கையை நீட்டி முன்சீட்டைப் பிடித்தாள்.

"மெல்லப் போ தம்பி. அவளுக மேல சேறு அடிக்கும்."

மாமா மிதித்த காலை எடுத்தார். நுவரெலியா மலையை ஒரே மூச்சில் ஏறிக் கிண்ணம் வாங்கிய கார் ஆமையாக நகர்ந்தது. கானில் நின்றவர்கள் முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். ஜன்னலில் அம்மாவின் முகத்தைக் கண்டதும் ஒருத்தி ஏறி ரோட்டுக்கு வந்தாள். அடுத்தவளும் வந்தாள். கம்பளிகள் மறுபடி தலைக்குப் போயின. கொஞ்ச தூரத்தில் எல்லாரும் காரின் இரண்டு பக்கமும், ரோட்டின் நடுவிலேயே, எங்களோடு நடந்து வந்தார்கள். ஒருத்தி கதவின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அம்மாவைக் கேலி செய்தார்கள். அம்மா பதிலுக்குக் கேலி செய்தாள். பாதி வழியில் அவளையறியாமலே கால்களைக் கீழே வைத்து, சீட்டில் சாய்ந்துகொண்டாள். கதவில் கை வைத்தவள் குனிந்து, நாளைக்குத் தன் மகளும் மருமகனும் ரயில் கோச்சியில் வருவதாகவும், ஹட்டன் ஸ்டேசனுக்குப் போய் அழைத்துவர முடியுமா என்றும் மாமாவைக் கேட்டாள். மாமா தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கார் எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணப் பெண்களையும் கைக்குழந்தைகளையும் ஆறு வருடம் சுமந்தது. சாமான் கிடைக்காமல் ஒருநாள் நின்றும் போனது.

ஆனால் அன்றைக்கு அந்த அரை மைல் தூரமும் நான் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போயிருந்தேன். நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். லயத்துச் சின்னப் பிள்ளைகள்கூட முன்னால் ஓடினார்கள். துரையிடம் இருந்தபோது பறந்த கார், என் மாமாவுக்குச் சொந்தமானதும் நடக்கக்கூட முடியாமல் திணறுகிறதே என்று நினைத்து நினைத்து மாய்ந்தேன். லயத்து வாசலில் அம்மா இறங்கிப் போனதும் நான் முன்சீட்டுக்கு எம்பி, மாமாவின் காதோரம், யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

"மாமா, காரு கெட்டுப்போச்சு. நானாகிட்டயே குடுத்துருங்க."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன. நான் எவ்வளவு கவலையோடு நல்ல யோசனை சொல்கிறேன், இவர் இப்படிச் சிரிக்கிறாரே என்று அன்று சாப்பிடும்வரை மாமாவோடு பேசவில்லை.